எடைப் பயிற்சிக் கையேடு: டெட்லிஃப்ட் பகுதிக்காகவே வாங்கலாம்

மன்னார்குடியில் எங்கள் ஜிம் மாஸ்டர் படிக்கச் சொன்ன தடிமனான கையேடு. டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியைத் தூக்கி நிமிரும் பயிற்சி, அந்தப் பகுதி அருமை. கம்பி காலை ஒட்டியே ஏற வேண்டும், முதுகு வளையக் கூடாது, வயிற்றை இறுக்கிப் பாதத்தால் தரையை அழுத்த வேண்டும் என்று படம் படமாகக் காட்டியிருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டை தூக்கும் என் தம்பிக்கும் அதைத்தான் காட்டினேன். இப்போது இடுப்பை மடக்கித்தான் குனிகிறான். முதலில் 20 கிலோ வெறும் கம்பி, அசைவு சரியாக வந்த பிறகே தட்டு மாட்டு என்பதும் நல்ல பேச்சு.

சாப்பாட்டு அத்தியாயம்தான் ஏமாற்றம். சால்மன், ஓட்ஸ் என்றே போகிறது. நம்ம முட்டை, கொண்டைக்கடலை, ஆற்று மீனுக்குக் கணக்கு நாமே போட வேண்டும். பைண்டிங்கும் சுமார்தான். இருந்தாலும் புதிதாகச் சேரும் தம்பிகளே, புரோட்டீன் டப்பாவுக்கு முன்னால் இதை வாங்குங்கள்.