கடற்பாலத்தில் மாட்டிக்கொண்ட கேம்பர்வேன் வைஃபை

சிங்கப்பூரில் இணையம் கிடைக்காமல் தவித்தேன் என்று சொன்னால் நான் குடியிருக்கும் பெர்த்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் போகும்போதும் பேச்சு அறுந்துபோகாத ஊர் இது. ஆனாலும் இந்தத் தடவை சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின்மேல், வாடகைக்கு எடுத்த கேம்பர்வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு நாங்கள் பட்ட பாட்டை எழுதித்தான் ஆகவேண்டும்.

அண்ணன் குடும்பத்தோடு ஜோகூரில் இருக்கும் தேசாரு கடற்கரைக்குப் போய்வந்தோம். கடல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் நன்றாகவே இருந்தன, அதை விடுங்கள். வண்டி எடுக்கும்போதே வைஃபை பற்றி விசாரித்தேன். "இருக்கு மேடம், பார்டர் தாண்டினதும் தானா மாறிக்கும்" என்றார் கடைப் பையன். அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். அதை நம்பி எங்களில் யாரும் கைப்பேசிக்கு ரோமிங் போடவில்லை.

எனக்கு அந்தப் பேச்சு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது கேரவன் வாழ்க்கை வாழ்கிறவர்களுக்குப் புரியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் சிக்னலைத் தேடி அலைய வேண்டும். நல்லர்போர் சமவெளியில் மணிக்கணக்காக ஓட்டினாலும் கைப்பேசியில் ஒரு கோடு எழாது. அதனால் எங்கள் மோட்டார்ஹோமின் கூரைமேல் ஆன்டெனா, உள்ளே இரண்டு நிறுவனங்களின் சிம் போட்ட ரவுட்டர், இரண்டும் கைவிட்டால் செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் மினி என்று வைத்திருக்கிறோம். மினி 25 முதல் 40 வாட்தான் இழுக்கும், வண்டி பேட்டரியிலேயே ஓடிவிடும். இவ்வளவு ஏற்பாடும் இல்லாமல் சிங்கப்பூரில் கட்டணம் கட்டினால் போதும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

மழை பிடித்துக்கொண்டதால் ஒரு நாள் முன்னதாகவே தேசாருவிலிருந்து கிளம்பிவிட்டோம். அண்ணன் வீட்டில் எல்லாரும் சிங்கப்பூரர்கள். நான் ஆஸ்திரேலியக் கடப்பிதழில் வருகிறவள். சிங்கப்பூருக்குள் வரும் வெளிநாட்டவர், வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். தேதி மாறியதால் புதிதாக அனுப்ப வேண்டியிருந்தது. வழியில் செய்துகொள்ளலாம் என்றார் அண்ணி.

மலேசியப் பக்கத்துச் சோதனைச்சாவடியான சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தைத் தாண்டிக் கடற்பாலத்தில் ஏறினால் வண்டிகள் நகரவே இல்லை. பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். கைப்பேசியில் வைஃபை குறி முழுசாக நிற்கிறது, வருகை அட்டைப் பக்கம் மட்டும் திறக்கவில்லை. வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னாலிருந்து அண்ணன் மகன், "அத்தை, வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்று நச்சரிக்கிறான்.

அந்தக் குறி காட்டுவது கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான். ரவுட்டருக்குக் கைப்பேசிக் கோபுரத்திலிருந்து என்ன வருகிறது என்பது வேறு கதை. தேடிப் பார்த்தேன். ரவுட்டரைப் பின்சீட்டுக்கு அடியில், திருகு முடுக்கிய பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சுற்றிலும் வண்டியின் இரும்பு உடம்பு, வெளியே ஆன்டெனா கிடையாது. கடவுச்சொல் ஒட்டியிருந்த தாளையும் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். வெளிநாட்டுக் கோபுரத்தைப் பிடித்த சிம், அந்தச் சிக்னல் இருக்கும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். சொந்த நாட்டு வலையமைப்பு இருக்கிறதா என்று இடைவெளி விட்டுத்தான் எட்டிப் பார்க்கும். ஜோகூர் கோபுரத்தின் சிக்னல் உட்லண்ட்ஸ்வரை வரும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். எதிரே சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடுகள் தெரிகின்றன, ரவுட்டரோ இன்னும் ஜோகூரில் இருக்கிறது. வழியில் பிள்ளைகள் படம் பார்த்ததில் ரோமிங் டேட்டாவும் தீர்ந்திருந்தது.

அப்பா ஓட்டிய காலம் ஞாபகத்துக்கு வந்தது. ஜோகூர் பாரு ராஜமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இதே நெரிசல்தான். அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் பேனா முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு வரும், அத்தை மடியில் கைப்பையை வைத்து குடிநுழைவுக்கான வெள்ளை அட்டையை நிரப்புவார். அந்தப் பேனாவுக்கு சிக்னல் தேவைப்படவில்லை. இப்போதைய வசதியைக் குறை சொல்லவில்லை. 2024 மார்ச் முதல் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் கடப்பிதழை நீட்டாமலே கியூஆர் குறியீட்டைக் காட்டிப் போகலாம், காரில் 10 பேர் வரை ஒரே குறியீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். அண்ணி அதைத் தயாராக வைத்திருந்தார். ஆனால் என் வருகை அட்டை போகாவிட்டால் எல்லாரையும் அல்லவா நிறுத்தி வைப்பார்கள்?

சரி, ரவுட்டரை விட்டுவிட்டேன். கைப்பேசியில் வைஃபையை அணைத்து, வலையமைப்பைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியையும் அணைத்தேன். பட்டியலில் வரிசையாக மலேசிய நிறுவனங்கள், கீழே என் சிங்கப்பூர் சிம் நிறுவனத்தின் பெயர். அதைத் தட்டினேன். சிறிது நேரத்தில் மேலே 5ஜி என்று வந்தது. கடப்பிதழ் எண், தேதி, அண்ணனின் ஈசூன் முகவரி, உடல்நலக் கேள்விகள் எல்லாம் நிரப்பி அனுப்பினேன். உறுதி மின்னஞ்சல் வந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டே வண்டிகள்தான். அண்ணி என் கையை விடவே இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன். "அது டெலிகாம் பிரச்சினை மேடம்" என்றார் பையன். இல்லவே இல்லை. மலேசிய சிம் ஒன்றையும் சேர்த்து இரண்டு சிம் போடும் ரவுட்டர், கூரையில் ஆன்டெனா, ரோமிங் டேட்டா எவ்வளவு, கடவுச்சொல் என்ன என்று எழுதிய ஒரு தாள். இவை எல்லாம் வாடகைக்கு விடுகிறவர்கள் கையில்தான் இருக்கின்றன. பெர்த்தில் நான் பழகிய வாடகைக் கடையில் சாவியோடு அந்தத் தாளையும் தருவார்கள். இவ்வளவு முன்னேறிய ஊரில் அது ஏன் முடியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கேம்பர்வேன் எடுத்து எல்லை தாண்டப் போகிறவர்கள் சாவி வாங்குவதற்கு முன்பே இவற்றைக் கேளுங்கள். ஒரு கைப்பேசியிலாவது ரோமிங் போட்டு வையுங்கள். திரும்பும்போது பாலத்தின் பாதியில் வலையமைப்பைக் கையால் மாற்றிக்கொள்ளுங்கள். வைஃபை கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கடையில் சொன்னார்கள், நான் பெர்த் திரும்பிய பிறகும் வரவில்லை. அண்ணனை நேரில் போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.