ஏஏ கூட்டமா, மருத்துவமனைக் குழுவா, ஜூமா: குடியை விட்டவர் எங்கே போய் உட்காருவது?

குடியை விட்ட பிறகு வாராவாரம் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் கைக்கு எட்டுபவை மூன்று: குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் தாங்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் எனப்படும் ஏஏ கூட்டம், சிகிச்சை தந்த மையமே நடத்தும் ஃபாலோ-அப் குழு, ஜூமில் நடக்கும் கூட்டம். என் ஓட்டு, மாலையில் கூடும் தமிழ் ஏஏ கூட்டத்துக்கு.

அதற்கு முன் ஒன்று. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியலாம். காலையில் கை நடுங்குகிறவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட்டமெல்லாம் அப்புறம்.

செலவைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஏஏவில் கட்டணம் கிடையாது, ஒரு பை சுற்றி வரும், இருந்தால் போடலாம். பல கூட்டங்கள் சர்ச் ஹாலில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்று சிலர் தயங்குவார்கள். இடம்தான் சர்ச்சுடையது, ஏஏவுக்கு எந்த மதத்தோடும் தொடர்பில்லை.

மருத்துவமனைக் குழுவின் பலம் கவுன்சலர். உங்கள் ஃபைல் அவருக்குத் தெரியும். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் போன்ற மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்பார், வீட்டாரையும் உட்கார வைத்துப் பேசுவார். முதல் மூன்று மாதத்துக்கு இது மிகவும் உதவும். பலவீனம் நேரம்தான். ஓ.பி. நேரத்தை ஒட்டிப் பகலில் நடத்தினால், வேலைக்குத் திரும்பியதும் வருகை நின்றுபோகும்.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த நேரம்தான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலைக்குப் போகிற பலருக்கும் அபாயம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை. ஏழு மணிக் கூட்டம் என்றால் ஆறேகாலுக்குக் கிளம்பி, எட்டரைக்கு முடித்து, வாசலில் டீ குடித்து, வீடு சேரும்போது ஒன்பதேகால். சாப்பிட்டுப் படுக்க வேண்டியதுதான். ஞாயிறு காலைப் பத்து மணிக் கூட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மூன்று மணி நேரத்தை அடைக்காது.

கிழமையும் முக்கியம். சனிக்கிழமை வாரக்கூலி வாங்கும் கொத்தனாருக்குச் சனிக்கிழமைக் கூட்டம்தான் வேண்டும். வேறு நாளில் கூடும் குழு இரண்டாவதாக இருக்கட்டும். மாதச் சம்பளக்காரர் சம்பள நாளன்று எந்தக் குழு கூடுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். போகும் வழியைவிடத் திரும்பும் வழியைக் கவனியுங்கள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே பார் இருந்தால் ஒரு ஸ்டாப் தள்ளி ஏறுங்கள். பசியோடும் போகக் கூடாது. பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும் குடிக்கத் தூண்டும் என்பது ஏஏவில் பழைய பாடம். கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம் போதும்.

அந்த டீ நேரத்தைத் தவறவிடாதீர்கள். போன் நம்பர்கள் அங்கேதான் கைமாறும். மூன்று பேரிடம் வாங்கி, குடிக்கத் தோன்றாத நாளிலேயே கூப்பிட்டுப் பழகுங்கள். பழகாத நம்பரை ஆசை வந்த நேரத்தில் எவரும் அழுத்துவதில்லை.

முதல் தடவை திறந்த கூட்டத்துக்குப் போங்கள், மனைவியோ தம்பியோ கூட வரலாம். மூடிய கூட்டத்தில் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டுமே இருப்பார்கள், பேச்சும் வெளிப்படையாக இருக்கும். ஒருவரே முக்கால் மணி நேரம் பேசுவது, கைமாற்று கேட்பது, மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்வது இவையெல்லாம் கெட்ட அறிகுறி. தாராளமாகக் குழு மாறலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை அலசியது. ஏஏவுக்கு ஆளை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க ஆய்வுகள் என்பதால், நம்மூருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஜூம் கூட்டம் நைட் ஷிஃப்ட்காரருக்கும் வளைகுடாவில் இருப்பவருக்கும் கைகொடுக்கும். ஆண்களே நிறைந்த ஹாலுக்குள் தனியாக நுழையத் தயங்கும் பெண்ணுக்கு ஆன்லைன் மகளிர் கூட்டம் நல்ல தொடக்கம். இதில் என் பேச்சைவிட அங்கே போகும் பெண்களின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். குறை ஒன்றுதான்: கேமராவை அணைத்துவிட்டுக் குடித்தாலும் வாடை யாருக்கும் தெரியாது. ஏஏவில் வரும் கடவுள் பேச்சு ஒவ்வாதவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற குழு இருக்கிறது, ஆனால் அங்கே ஆங்கிலம்தான் அதிகம் புழங்கும்.

குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. குடிக்கிறவர் ஏஏ கூட்டத்துக்கு வர மறுத்தாலும் மனைவி அங்கே போகலாம். இரண்டும் ஒரே வளாகத்தில் ஒரே மாலையில் நடக்கும் இடம் கிடைத்தால், நாலு ஸ்டாப் கூடுதலானாலும் அதையே எடுங்கள். வீடு திரும்பும்போது குடியை விட்டவர் தனியாக வர வேண்டியதில்லை.