லேமினேட் தரை: போட்டவர் வாய்வார்த்தையை நம்பித் தண்ணீர் ஊற்றாதீர்கள்

புதிதாக லேமினேட் தரை போட்டவர்களும் போடப்போகிறவர்களும் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் காண்ட்ராக்டர் சொன்னது இது: "தண்ணி ஊத்தியே கழுவலாம், ஒண்ணும் ஆகாது. வாரம் ஒருதரம் இந்த பாலிஷைப் போடுங்க." பாலிஷை விற்றதும் அவரேதான். பலகைப் பெட்டியில் இருந்த பராமரிப்புத் தாளைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. காலி அட்டைகளோடு அதுவும் போய்விட்டது.

சில மாதங்களிலேயே பலகைகள் சேரும் இடமெல்லாம் உப்பிக்கொண்டது. வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் சின்ன வரப்பு மாதிரி தட்டுகிறது. பாலிஷ் போட்ட இடத்தில் ஒரே பிசுபிசுப்பு, காலடித் தடம் அப்படியே நிற்கிறது. கூப்பிட்டுக் கேட்டால், "தண்ணி பட்டிருக்கு, வாரண்டி செல்லாது" என்கிறார். கழுவச் சொன்னதே அவர்தானே!

இந்தப் பலகையின் உள்ளே இருப்பது மரநாரை அழுத்திச் செய்த எச்டிஎஃப். அதன்மேல் மரம்போல அச்சிட்ட காகிதம், அதற்கும் மேல் மெலமைன் பூச்சு. பூச்சு மேற்பரப்பைக் காக்கும், சரி. ஆனால் இணைப்பு வழியாக உள்ளே இறங்கும் தண்ணீரை அது என்ன செய்யும்? ஒருமுறை ஊறி உப்பினால் பழையபடி ஆகாது. மரத்தரை மாதிரி இழைக்கவும் முடியாது, இழைத்தால் அந்தக் காகிதமே போய்விடும். பலகையை மாற்றுவதுதான் வழி.

அப்புறம் வேறொருவரை அழைத்து, சுவரடியில் தரையோரமாக அடிக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். பலகை சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது! ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் பொருள் என்பதால் சுற்றிலும் 8 முதல் 10 மில்லிமீட்டராவது இடைவெளி விடுவார்கள். அது இல்லை. கான்கிரீட்டிலிருந்து ஈரம் ஏறாமலிருக்க விரிக்கும் பாலிதீன் தாளும் இல்லை, வெறும் ஃபோம்தான். பெட்டிகளை 48 மணி நேரம் அறையிலேயே வைத்திருந்து பிறகு பிரிப்பதுதான் முறை. இவர்கள் வந்த அன்றே பிரித்துப் போட்டுவிட்டார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

தினமும் மென்மையான துடைப்பத்தால் மண் போகப் பெருக்கினாலே பெரும்பாலும் போதும். துடைப்பதென்றால் துணியை ஒட்டப் பிழிந்து துடையுங்கள்; துடைத்த ஈரம் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். தண்ணீர் சிந்தினால் உடனே ஒற்றி எடுங்கள். ஸ்டீம் மாப், மெழுகு, பாலிஷ் எதுவும் கிட்டவே வரக்கூடாது. நாற்காலி, மேசைக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் என்ற மெத்தென்ற துணித் துண்டை ஒட்டுங்கள். தண்ணீர் தாங்கும் ரகம் என்று தனியாகவும் விற்கிறார்கள். அதிலும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் தாளில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள்.

ஸ்கர்ட்டிங் அடிப்பதற்கு முன்பே சுவரோர இடைவெளியைப் போட்டோ எடுத்து வையுங்கள். பராமரிப்புத் தாளும் வாரண்டி அட்டையும் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.