ஸ்டாண்டை விரித்தால் சர்வேயர் ஆகிவிடுகிறோம்

தேவகோட்டை நண்பர் ஒருவர் பழைய ஃபூஜி ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். 2018இல் வந்த டிஜிட்டல் கேமரா, செகண்ட்ஹேண்டில் இப்போது விலை நன்றாக இறங்கியிருக்கிறது. அவர் என்னிடம் கேட்டது கேமராவைப் பற்றி அல்ல. "ட்ரைபாட் கட்டாயம் வேணுமாண்ணே, கையில புடிச்சே சமாளிச்சிரலாமா?" என்றார். அவர் கேட்ட அதே வாரம்தான் என் ட்ரைபாட் ஸ்டாண்டு லேத் பட்டறையிலிருந்து திரும்பி வந்திருந்தது. அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

நான் வைத்திருப்பது ஃபிலிம் கேமரா. மாமியா ஆர்பி67 ப்ரோ-எஸ், 90 எம்எம் லென்ஸ், குனிந்து பார்க்கும் வியூஃபைண்டர், 120 ரோலில் பத்துப் படம். லென்ஸோடு சேர்த்து இரண்டரைக் கிலோவைத் தாண்டும். ஸ்டாண்டு அலுமினியம், கேமராவை எப்பக்கமும் திருப்ப உதவும் பால் ஹெட்டோடு மூன்று கிலோவுக்கு மேல். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வருகிற எல்லா ஸ்டாண்டும் ஏறக்குறைய இப்படித்தான்.

முதலில் ஸ்டாண்டுக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வீட்டின் உட்புறத்தை ஒழுங்காக எடுக்க அது இல்லாமல் முடியாது. முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு என்று வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிகிறது. கதவுகளெல்லாம் ஒரே நேர்கோட்டில். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அந்த நேர்கோடு படத்தில் வரவேண்டுமென்றால் கேமரா நாலு விரல்கூட இடம் வலம் நகரக் கூடாது. நகர்ந்தால் கடைசிக் கதவு முந்தின நிலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தரையில் ஆத்தங்குடிக் கல் வேறு. அந்தக் கட்டங்களின் வரிசை அரை டிகிரி சாய்வைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸை லேசாக மேலே தூக்கினாலோ தேக்குத் தூண்கள் இரண்டு பக்கமும் உள்ளே சாய்ந்து நிற்கும். கையில் பிடித்துக்கொண்டு இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சரிபார்க்க எனக்கு வரவில்லை. வருகிறவர்களை நான் பார்த்ததும் இல்லை.

வெளிச்சம் அடுத்த பாடு. முற்றத்தில் வெயில் கொட்டும், பத்து எட்டு உள்ளே போனால் கருக்கல். முன்தூணிலிருந்து பின்கதவு வரை ஃபோகஸ் நிற்கவேண்டும் என்றால் லென்ஸின் துளையை எஃப்/16க்குச் சுருக்காமல் ஆகாது, ஏனென்றால் 35 எம்எம் கேமராவில் எஃப்/8 தரும் ஃபோகஸ் ஆழம் இந்த 6×7 செ.மீ. ஃபிலிமுக்கு அங்கேதான் கிடைக்கிறது. உள்கட்டில் இல்ஃபோர்ட் ஹெச்பி5 (ஐஎஸ்ஓ 400 கறுப்பு-வெள்ளை ஃபிலிம்) போட்டால் லைட் மீட்டர் எட்டு விநாடி காட்டும். ஃபிலிம் நீண்ட எக்ஸ்போஷரில் சோம்பிப்போகும் என்பதால் அதைப் பதினைந்தாக்க வேண்டும். லென்ஸை எஃப்/4க்குத் திறந்தாலும் அரை விநாடி. அரை விநாடியை எந்தக் கையும் தாங்காது. காலையில் முற்றத்துக்குள் வெயில் இறங்குவதற்கு முன், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுண்ணாம்புச் சுவரில் வானத்தின் வெளிச்சம் மட்டும் வழுக்கும் நேரம் ஒன்று உண்டு. அந்தப் பதினைந்து விநாடிப் படத்தை நெகட்டிவில் பார்க்கும்போது ஸ்டாண்டின் மேல் இருக்கும் எல்லாக் கோபமும் போய்விடும். அன்றைக்கு மட்டும்.

ஆர்பிக்காரர்களுக்கு ஒன்று. இதன் உள்கண்ணாடி பெரியது, 'டொப்' என்று எழும். ஸ்டாண்டில் வைத்துவிட்டோமே என்று 1/15 விநாடியில் அலட்சியமாக அழுத்தினால் படம் ஷேக் ஆகும். பதினைந்து விநாடியில் அந்த அதிர்வு கணக்கிலேயே வராது. 1/8, 1/15, 1/30தான் தொல்லை. லென்ஸில் இருக்கும் திருகை, கண்ணாடியை முன்கூட்டியே எழுப்பிவிடும் மிரர்-அப்புக்குத் திருப்பி, கை படாமல் ஷட்டரை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸைக் கேமராவில் அல்ல, லென்ஸில் மாட்டவேண்டும். பின்பக்க ரோல் பெட்டி சுழல்வதால் நெட்டைப் படத்துக்குக் கேமராவையே பக்கவாட்டில் கவிழ்க்கத் தேவையில்லை. ஸ்டாண்டில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம்.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். எடை இல்லை. எடை பழகிவிட்டது.

இந்தச் செட்டிநாட்டுப் பக்கத்தில் ஸ்டாண்டை விரித்தால் நாம் படம் எடுப்பவர் இல்லை, சர்வேயர். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், எந்தத் தெருவாக இருந்தாலும் இதே கதைதான். மூன்று காலையும் ஊன்றி லெவல் பார்க்க ஆரம்பித்ததும் எதிர்த் திண்ணையிலிருந்து குரல் வரும். "தம்பி, அளக்க வந்திருக்கீங்களா?" இது விளையாட்டுக் கேள்வி இல்லை. இங்கே பல வீடுகளுக்குப் பங்காளிகள் நிறைய. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் இன்னொருவரோடு பேசுவதில்லை. வீட்டைப் பிரித்துத் தூணையும் கதவையும் விற்றுவிடுகிற காலம் இது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்தால் யார் வீட்டு நிலையோ சுவரில் சாய்ந்து நிற்கும். அதனால் வாசலில் மூன்று கால் எதையாவது பார்த்தால் வயிற்றில் புளி கரைகிறது. ஒருமுறை ஓர் ஆச்சி கேமராவைப் பார்த்த பிறகும் நம்பவில்லை. "எந்தப் பங்குக்காரக அனுப்புனாக, அதச் சொல்லுங்க" என்று வாசலை மறித்து நின்றுவிட்டார். உள்ளே இருந்து பேரன் வந்து சமாதானம் சொன்ன பிறகும் நான் கிளம்பும்வரை திண்ணையை விட்டு அவர் நகரவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. நியாயமான பயம்.

சர்வேயர் இல்லை என்று தெளிந்துவிட்டால் அடுத்தது சினிமாக்காரர். இந்த வீடுகளில் ஷூட்டிங் நடப்பது எல்லோருக்கும் தெரியும், நாள் வாடகை உண்டு என்பதும் தெரியும். கையில் கேமராவோடு போனால் "பாத்துட்டுப் போங்க" என்று விடுகிற அதே வீட்டுக் காவலாள், ஸ்டாண்டைக் கண்டதும் "ஓனர்ட்ட பேசிட்டு வாங்க" என்கிறார். கேமரா அதே கேமரா. மூன்று கால் முளைத்ததும் அது தொழிலாகிவிடுகிறது. திருமயம் கோட்டையிலும் அப்படித்தான், அது மத்தியத் தொல்லியல் துறை வசம் இருக்கிறது, ஸ்டாண்டு வைக்கத் தனி அனுமதி வேண்டும். அது விதி, அதில் எனக்குப் புகார் இல்லை. எழுதாத விதிகள்தான் பொழுதைத் தின்கின்றன.

தரை இன்னொரு பிரச்சினை. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் ரப்பர் நுனி கறுப்பாகக் கோடு இழுத்தால் வீட்டுக்காரர் முகம் மாறும். அதனால் பழைய சாக்ஸை மூன்று கால்களுக்கும் மாட்டுகிறேன். மாட்டினால் மழமழத் தரையில் வழுக்குகிறது.

பட்டறைக்குப் போன கதை இதுதான்: நம் ஊர்ச் செம்மண். காலை நீட்டி முறுக்கிப் பூட்டுகிற மாடல் என்னுடையது. அந்த மரைக்குள் பொடி மண் புகுந்து அரைத்து அரைத்து, கடைசியில் ஒரு கால் பூட்டவே மாட்டேன் என்றது. சர்வீஸ் சென்டரில் பாகம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லேத்காரர் உள்ளே ஒரு புஷ் கடைந்து போட்டார், முன்னைவிட இறுக்கமாகவே நிற்கிறது. ஆனால் ஹெட்டின் தொய்வை அவராலும் சரிசெய்ய முடியவில்லை. நேர்கோட்டுக் கதவுகளைக் கச்சிதமாக நடுவில் கொண்டுவந்து திருகை இறுக்கிக் கையை எடுத்தால், தலை ஒரு நூல் இறங்கும். எப்போதும். அதனால் ஒரு நூல் மேலே வைத்து இறுக்குகிறேன். அப்போது பார்த்து இறங்காது. சித்திரை வெயிலில் அலுமினியக் காலைத் தொட்டால் கை பொத்துப்போகும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்து எடுப்பது வேறு உலகம். பட்டையைக் கழுத்தில் இறுக்கி, கைக்குழந்தையை அணைப்பது போல ஆர்பியை வயிற்றோடு அணைத்து, மூச்சை விட்டு முடித்த கணத்தில் அழுத்தினால் 1/125 சுத்தமாக வரும். தூணில் சாய்ந்துகொண்டால் 1/60. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அது தரும் அதிர்வு சொற்பம். திண்ணை நிழலில் 400 ஃபிலிமுக்கு 1/125இல் எஃப்/8 தாராளமாகக் கிடைக்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. குனிந்து பார்ப்பதால் "என்ன தம்பி, பொட்டிக்குள்ள எதையோ தேடுறீக?" என்று பேச்சுக் கொடுப்பார்கள், அந்தப் பேச்சில் பாதிப் படம் எடுத்துவிடலாம். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குக் குடும்பம் கூடுகிற நாளில் வளவுக்குள் ஸ்டாண்டை விரிக்க இடமும் கிடையாது, முறையும் கிடையாது. அங்கே கைதான். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு மட்டும் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிற கேமராவில் காளையைத் துரத்துவது வீண் வேலை.

குறை இல்லாமல் இல்லை. லென்ஸை முழுக்கத் திறந்து இரண்டு மீட்டரில் ஆளை எடுத்தால் ஃபோகஸ் ஒரு சாண் ஆழம்கூட நிற்காது. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் மூன்று விரல் அகலம்தான். ஃபோகஸ் வைத்த பிறகு நம் உடம்பு முன்பின் ஆடுகிற ஆட்டமே அதைத் தின்றுவிடும். ரோலில் சில படங்களில் மூக்கு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் வரும், அதற்குத் தயாராக இருக்கவேண்டும்.

இனி தேவகோட்டைத் தம்பிக்குப் பதில். 50ஆரில் உள்ளே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. 2021இல் வந்த 50எஸ் இரண்டாம் மாடலில் உண்டு, பட்ஜெட் எட்டினால் அதைப் பாருங்கள். ஆனால் 50ஆர் எடை 775 கிராம்தான், எழுந்து அடிக்கும் கண்ணாடி கிடையாது, ஐஎஸ்ஓ 3200 தைரியமாக வைக்கலாம். நான் 400இல் 1/8க்குத் தவிக்கிற இடத்தில் உங்களுக்கு 1/60 கிடைக்கும். உள்கட்டுக்கு அதுவும் போதாது, அங்கே ஸ்டாண்டுதான் என்பதை மேலேயே எழுதிவிட்டேன். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பிரிண்டுகளில் ஒன்றுகூடக் கையில் எடுத்ததில்லை.

அப்படியிருந்தும் சொல்கிறேன், ஸ்டாண்டு வாங்காதீர்கள். அதற்கு ஒதுக்கிய பணத்தை லென்ஸில் போடுங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தரமாட்டேன். இரவல் வேண்டுமானால் வந்து எடுத்துப் போங்கள், சாக்ஸும் சேர்த்தே தருகிறேன். அளக்க வந்தீர்களா என்று யாராவது கேட்டால் பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.