டான்வில் வைத்தியர் வீடு: ஒரு தியேட்டர் செவிலியரின் பார்வையில்

மதுரையில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில் செவிலியராக நின்றவள் நான். சினைப்பைக் கட்டிகளை எத்தனையோ முறை கையில் வாங்கித் தட்டில் வைத்திருக்கிறேன். தேங்காய் அளவும் பார்த்திருக்கிறேன், பூசணி அளவும் பார்த்திருக்கிறேன். அதனால், அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, "எங்கே போகலாம் அம்மா, குதிரைப் பண்ணையா, குகையா?" என்று கேட்டவளிடம், "எப்ரேம் மெக்டவல் வீட்டுக்குக் கூட்டிப் போ" என்றேன். அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. நான் பயிற்சிக் காலத்திலேயே கேட்டிருக்கிறேன். வயிற்றைத் திறந்து சினைப்பைக் கட்டியை எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதல் மருத்துவர் என்று எங்கள் ஆசிரியை சொன்ன ஒரே ஒரு வரி இத்தனை காலமும் மனத்தில் கிடந்தது.

லெக்சிங்டனிலிருந்து தென்மேற்கே முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் டான்வில் வந்துவிடுகிறது. சாலையின் இருபுறமும் சுண்ணாம்பு கலக்காமல் அடுக்கிய கல் வேலிகளும், அவற்றுக்குப் பின்னால் புல் மேயும் குதிரைகளும் தெரிகின்றன. டான்வில் சின்ன ஊர். மெக்டவல் வீடு ஊரின் நடுவே, இரண்டாவது தெருவில் இருக்கிறது. எதிரே கான்ஸ்டிடியூஷன் சதுக்கம். கென்டக்கி தனி மாநிலமாவதற்காக 1784 முதல் 1792 வரை பத்து மாநாடுகள் கூடிய இடம் அது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தலைமை வகித்தவர் நம் மருத்துவரின் தந்தை, நீதிபதி சாமுவேல் மெக்டவல். வீட்டுக்குள் போவதற்கு முன் பத்து நிமிடம் அந்தச் சதுக்கத்தில் நடந்துவிட்டு வாருங்கள். இது எப்படிப்பட்ட குடும்பம் என்பது அங்கேயே பாதி புரிந்துவிடும்.

முன்பகுதி மரப்பலகைச் சுவர் கொண்ட வீடு. அதை ஒட்டியே செங்கல்லில் கட்டிய மருந்துக் கடை. பின்னால் மூலிகைத் தோட்டம். 1930-களில் கென்டக்கி மருத்துவச் சங்கத்தின் முயற்சியில் வீட்டைச் செப்பனிட்டு, 1939-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வழிகாட்டி ஒருவர் கூடவே வந்து ஒவ்வோர் அறையாகக் காட்டுகிறார். எங்களுடன் வந்த பெண்மணிக்கு என்னைவிட வயது அதிகம். நான் தியேட்டர் செவிலியர் என்று மகள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு என் கேள்வி எதற்கும் அவர் அவசரப்படவில்லை.

மருந்துக் கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். குப்பிகள், பீங்கான் சாடிகள், தராசுகள், கல்வங்கள். அந்தக் காலத்து மருந்துக் கடைச் சாமான்களைத் தேடிச் சேர்த்து, கடை எப்படி இருந்திருக்குமோ அப்படியே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அபின், சிங்கோனா பட்டை, பேதிக்குக் கொடுத்த பாதரச உப்பு, இவ்வளவுதான் அன்றைய மருத்துவரின் பலம். எங்கள் பாட்டி சுக்கும் மிளகும் இடித்த கல்வத்துக்கும் அங்கே இருக்கும் கல்வத்துக்கும் உருவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாத்திரை எங்கே பாட்டி?" என்றாள். "இங்கேதான் உருட்டுவார்கள்" என்று சொன்னபோது, அவள் அந்தக் கல்லையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்டவல் 1771-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். தந்தை 1784-ல் குடும்பத்தோடு டான்வில் வந்தார். பிறகு மகன் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் ஊரில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகினார். 1793-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ போய்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் கேட்டார். ஜான் பெல் என்ற அறுவை மருத்துவரிடம் தனியாகவும் படித்தார். பட்டம் வாங்காமலேயே 1795-ல் ஊர் திரும்பிக் குதிரையேறி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கௌரவப் பட்டம் ஒன்று 1825-ல்தான் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கையில் தொழிலும் நெஞ்சில் துணிவும் இருந்தால் சான்றிதழ் பின்னாலேயே வரும் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் படிக்காத கைகள் செய்த சேதங்களையும் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் உடலமைப்பை ஊன்றிப் படித்தவர். அவருடைய அறுவைக் குறிப்புகளே அதற்குச் சாட்சி.

1802-ல் சாரா ஷெல்பியை மணந்தார். கென்டக்கியின் முதல் ஆளுநர் ஐசக் ஷெல்பியின் மகள். நீதிபதியின் மகனும் ஆளுநரின் மகளும் குடியிருந்த வீடு என்பதால், வரவேற்பறையும் சாப்பாட்டறையும் அந்த மதிப்புக்கு ஏற்றபடி இருக்கின்றன. அந்த அறைகளில் நான் அதிகம் நிற்கவில்லை. ஆனால் சாராவைப் பற்றி மட்டும் நெடுநேரம் யோசித்தேன். மருத்துவமனை என்று ஒன்று இல்லாத ஊர். நோயாளி வந்தால் தங்குவதும் சாப்பிடுவதும் காயம் ஆறுவதும் மருத்துவரின் வீட்டோடுதான். கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அறுவைக்கு ஓர் ஊர் பேர் தெரியாத பெண் வந்து இறங்கினால், அந்த வீட்டுத் தலைவிக்கு எப்படி இருந்திருக்கும்? வரலாறு அதை எழுதி வைக்கவில்லை.

வந்து இறங்கியவர் ஜேன் டாட் கிராஃபோர்ட். கிரீன்ஸ்பர்க் அருகே பண்ணையில் வாழ்ந்த குடும்பப் பெண், வயது 46. வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. கர்ப்பம், நாள் தள்ளிப் போகிறது என்று உள்ளூர் மருத்துவர்கள் நினைத்தார்கள். 1809 டிசம்பரில் மெக்டவலைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் பரிசோதித்துவிட்டு, கருப்பை காலியாக இருக்கிறது, இது கட்டி என்றார். எடுத்துப் பார்க்கலாம், ஆனால் இதுவரை யாரும் இப்படிச் செய்து பிழைத்ததாகத் தெரியவில்லை, டான்வில் வந்தால் செய்கிறேன் என்று உள்ளதை உள்ளபடியே சொன்னார். அந்த அம்மாள் சம்மதித்தார். அறுபது மைல், அதாவது ஏறக்குறைய 96 கிலோமீட்டர், டிசம்பர் குளிரில், அந்த வயிற்றைச் சேணத்தின் மேல் தாங்கிக்கொண்டு குதிரையில் வந்து சேர்ந்தார்.

அறுவை நடந்தது கிறிஸ்துமஸ் அன்று என்பது வழிவழியாக வரும் செய்தி. மயக்க மருந்து இல்லை. ஈதர் வருவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கையையும் கருவியையும் கிருமி நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் எழுதியது 1867-ல். கூட நின்றவர் மெக்டவலின் அண்ணன் தம்பி வழி மகன், அவரும் மருத்துவர். இடப்பக்கம் ஒன்பது அங்குல நீளத்துக்குக் கீறினார்கள். குடல் மேசைமேல் சரிந்து வந்துவிட்டது, அறுவை முடியும்வரை உள்ளே திருப்பி வைக்க முடியவில்லை. கட்டி முழுசாக வெளியே வரவில்லை. கருப்பைக்கு அருகில் நூலால் இறுகக் கட்டிவிட்டு, கட்டியைக் கீறிக் கூழ் போன்ற பொருளை வெளியே எடுத்தார்கள். அது மட்டும் 15 பவுண்டு. பிறகு பையை அறுத்து எடுத்தார்கள், அது ஏழரை பவுண்டு. இரண்டும் சேர்ந்து பத்து கிலோவுக்கு மேல். மொத்தம் 25 நிமிடம். அந்த நேரம் முழுவதும் அந்த அம்மாள் பைபிளின் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்கிறார்கள். வெளியே ஊர்க்கூட்டம் மருத்துவரைத் தூக்கிலிடக் காத்திருந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. உண்மையாக நடந்ததே போதும், அதற்கு மேல் கூட்டம் எதற்கு?

அந்த அறையில் நின்றபோது என் கைகள் தாமாகவே எண்ணத் தொடங்கிவிட்டன. இது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம், வயிற்றை மூடுவதற்கு முன் துணியை எண்ணுவது, கிடுக்கியை எண்ணுவது. அங்கே யார் எண்ணியிருப்பார்கள்? விளக்கை யார் பிடித்தார்கள், வெந்நீரை யார் கொண்டுவந்தார்கள்? மெக்டவலின் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. வயிற்றில் தங்கிய இரத்தம் வெளியேறட்டும் என்று நோயாளியை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார். கட்டிய நூலின் முனைகளைக் காயத்தின் கீழ்முனை வழியே வெளியே விட்டிருக்கிறார். கசிவு வெளியேறும் வழி அது. இதைப் படித்தவுடனேயே இவர் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யும் ஆள் என்று தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் நோயாளி எழுந்து நின்று தன் படுக்கையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். அசந்துபோனேன், இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன் என்று மெக்டவலே எழுதியிருக்கிறார். வழிகாட்டி அம்மாள் இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பெண்களை எனக்குத் தெரியும். வயிற்றில் தையலோடு, "போர்வை கசங்கியிருக்கிறது சிஸ்டர்" என்று எழுந்து உதறுவார்கள். வார்டில் எத்தனை பேரைக் கைபிடித்துப் படுக்கவைத்திருக்கிறேன். ஜேன் இருபத்தைந்தாம் நாள் வீடு திரும்பினார். அதற்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்து 1842-ல், 78 வயதில், இண்டியானாவில் மறைந்தார். ஜார்ஜியாவின் ஜெபர்சன் என்ற இன்னொரு சின்ன ஊரில் க்ராஃபோர்ட் லாங் என்ற மருத்துவர் ஈதர் கொடுத்து முதல் அறுவை செய்ததும் அதே 1842-ல்தான்.

மெக்டவல் எட்டு ஆண்டுகள் இதை வெளியே சொல்லவில்லை. மேலும் இரண்டு அறுவைகள் செய்து பார்த்துவிட்டு 1817-ல் பிலடெல்பியா இதழ் ஒன்றில் எழுதினார். லண்டன் இதழாசிரியர் ஒருவர் நம்பாமல் எள்ளி நகையாடி, பின்னர் அச்சிலேயே மன்னிப்புக் கேட்டார். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது, அந்தக் கட்டுரையில் வரும் மற்ற இரண்டு பெண்களைப் பற்றி. ஜேனுக்குப் பெயர் இருக்கிறது. அவர்களை "கறுப்பினப் பெண்" என்று மட்டுமே எழுதியிருக்கிறார். 1819-ல் எழுதிய அடுத்த கட்டுரையிலும் அப்படித்தான். கென்டக்கியில் அடிமை முறை இருந்த காலம் அது. டிசம்பர் குளிரில் ஜேன் தன் விருப்பத்தோடு குதிரை ஏறினார், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. இந்தப் பெண்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? அவர்கள் வலி தாங்கியதும் அதே வயிற்றில்தான், அதே கத்தியில்தான். சினைப்பை அறுவை இன்று நம் ஊர்ப் பெண்களுக்குச் சாதாரணமானதற்கு அவர்களும் காரணம். இந்த வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்களைப் பற்றியும் கேளுங்கள். கேட்டால்தான் அந்த அறையில் அவர்களுக்கும் ஓர் இடம் கிடைக்கும். நான் கேட்டேன், நேரம் எடுத்துப் பதில் சொன்னார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் அமெரிக்காவின் பதினோராவது அதிபரான ஜேம்ஸ் போல்க், பதினேழு வயதில் சிறுநீர்ப்பைக் கல்லுக்காக 1812-ல் மெக்டவலிடம்தான் வந்தார். அவருக்கு மயக்க மருந்துக்குப் பதிலாகக் கிடைத்தது பிராந்திதான். மூலிகைத் தோட்டம் அழகு, நாங்கள் போனது கோடையின் தொடக்கம், அதனால் பசுமையாக இருந்தது. மாடி உள்ள வீடு, முழங்கால் வலி உள்ளவர்கள் போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் நல்லது. திறந்திருக்கும் நாள்களையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அறுவை பற்றிய விவரங்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கனமானவை, ஆனால் மருந்துக் கடை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். மருத்துவமோ செவிலியமோ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

நடக்கும் தூரத்திலேயே மெக்டவலின் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. அவருடைய கல்லறையும் நினைவுத்தூணும் அங்கேதான். மாமனார் பண்ணையில் முதலில் அடக்கம் செய்து, 1879-ல் இங்கே மாற்றினார்கள். அவர் இறந்தது 1830 ஜூனில், 58 வயதில், வயிற்றில் திடீரென வந்த கடும் அழற்சியால். குடல்வால் வெடித்திருக்கலாம் என்று இன்று கருதுகிறார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் ஓர் இரவில் மூன்று குடல்வால் அறுவைகள்கூடச் செய்ததுண்டு. அந்தத் தூணின் முன்னால் நின்று அதை நினைத்தபோது, அவரைக் கூப்பிட்டு மேசையில் படுக்கவைக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகனிடம் கேட்டு டான்விலிலிருந்து கிரீன்ஸ்பர்க் வரை காரில் போனோம். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மேடும் பள்ளமும் வளைவுகளுமான சாலை. ஒவ்வொரு மேட்டிலும் அந்த அம்மாள் சேணத்தைப் பிடித்துக்கொண்டு எப்படி அசைந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டே போனேன். கிரீன்ஸ்பர்க்கில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய பழைய நீதிமன்றம் ஒன்று நிற்கிறது, 1809-க்கு முன்பே கட்டியது. ஜேன் அதைப் பார்த்திருப்பார். இறங்கி அந்தக் கல் சுவரைத் தொட்டுவிட்டு வந்தேன்.