காரவனா, மோட்டார்ஹோமா? நல்லர்பார் வழியில் இலவசமாகத் தங்கிப் போக எது தோது

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து அடிலெய்டு ஏறக்குறைய 2,700 கி.மீ. அதில் நார்ஸ்மனில் தொடங்கி, நல்லர்பார் சமவெளியைக் கடந்து போர்ட் அகஸ்டா வரை ஓடும் ஐர் நெடுஞ்சாலை மட்டுமே 1,660 கி.மீ. இந்த வழியை நாங்கள் இரண்டு தடவை கடந்திருக்கிறோம். முதல் தடவை காருக்குப் பின்னால் காரவனை, அதாவது எஞ்சின் இல்லாத சக்கர வீட்டை, இழுத்துக்கொண்டு போனோம். அடுத்த தடவை வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம், வண்டியும் வீடும் ஒன்றாகவே இருப்பது. நான், மனைவி, பையன், அம்மா என்று நான்கு பேர். இரண்டு பயணத்திலும் முடிந்த மட்டும் காசு கொடுக்காத இடங்களில்தான் இரவு தங்கினோம்.

இதைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். காரவன் எவ்வளவு, மோட்டார்ஹோம் எவ்வளவு, வாடகை கட்டுப்படியாகுமா என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஓரிடத்தில் எத்தனை இரவு இருக்கப் போகிறீர்கள்? இலவசத் தங்கலை நம்பிப் போகிறவருக்கு மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

காரணம் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சாலையோர ஓய்விடங்களில் வண்டிக்குள் படுத்துத் தூங்க 24 மணி நேரம் வரைதான் அனுமதி. இடம் பிடித்துப்போய்விட்டது, இன்னும் இரண்டு நாள் இருப்போம் என்றெல்லாம் முடியாது. மறுநாள் கிளம்பியே ஆகவேண்டும். ஆகவே நல்லர்பாரைக் கடக்கும் நாட்களில் தினமும் வீட்டைக் கட்டி, தினமும் வீட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

காரவனில் அந்த வேலை எப்படி இருக்கும் என்பதை முதல் மாலையிலேயே கற்றுக்கொண்டேன். நார்ஸ்மனுக்குக் கிழக்கே பாலடோனியா தாண்டி ஒரு செம்மண் திடலில் நிறுத்தினோம். காரவனின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. பக்கவாட்டுச் சாய்வு என்றால் ஒரு சக்கரத்துக்கு அடியில் சரிவுக் கட்டையை வைத்து ஏற்றிவிடலாம், காரைக் கழற்ற வேண்டியதில்லை. முன்பின் சாய்வு என்றால் அப்படியில்லை. காரைக் கழற்றி, காரவனின் மூக்கை ஏற்றி இறக்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலைச் சுற்றித்தான் சரிசெய்ய முடியும். சங்கிலி, மின் இணைப்பு, பிரேக் கம்பி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்:

"ஏம்பா, காலையில திரும்ப மாட்டத்தானே போற? இதை எதுக்குக் கழட்டுற?"

"தரை சாய்வா இருக்கும்மா. கேஸ் ஃபிரிட்ஜ் சரியா ஓடாது."

"அப்போ பத்தடி தள்ளி நிறுத்திப் பாரேன். அங்க சமமாத்தானே தெரியுது."

பத்தடி தள்ளி நிறுத்தினேன். சமமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒருநாள் தங்கல் எதிலும் காரைக் கழற்றியதே இல்லை. நேரே உள்ளே போய் நேரே வெளியே வரக்கூடிய சமதரை கிடைக்கும்வரை தேடுவோம். அதற்காகவே மாலை நான்கு மணிக்குள் நிறுத்திவிடுவோம். இருட்டத் தொடங்கினால் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். வழியில் கேகுனாவுக்கும் மாநில எல்லையில் உள்ள பார்டர் வில்லேஜுக்கும் இடையே உள்ளூர் கடிகாரம் பெர்த்தைவிட 45 நிமிடம் முந்தி ஓடுகிறது. கிழக்கே போகப் போக, நம் கைக்கடிகாரம் காட்டுவதற்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார்ஹோமில் இந்தப் பாடு எதுவும் கிடையாது. வண்டியை நிறுத்துகிறோம், திரையை இழுத்துவிடுகிறோம், அடுப்பைப் பற்றவைக்கிறோம். காலையில் அலமாரிகளைப் பூட்டி, கேஸை மூடி, பத்து நிமிடத்தில் சாலையில் இருப்போம். மழையில் நனைய வேண்டியதில்லை. இரவில் யாராவது வந்து தொந்தரவு செய்தால், வெளியே காலே வைக்காமல் ஓட்டுநர் இருக்கைக்குப் போய் வண்டியை எடுத்துவிடலாம். ஒருமுறை நள்ளிரவில் ஒரு கார் எங்கள் பக்கத்தில் விளக்கை அணைக்காமல் வெகுநேரம் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என் மனைவிக்குப் பெரிய தைரியமாக இருந்தது. காரவனில் படுத்திருந்தால் கதவைத் திறந்து இறங்கி, காருக்கு நடந்து போகவேண்டும். தனியாகப் பயணிக்கும் பெண்களுக்கு மோட்டார்ஹோமையோ சின்ன கேம்பர்வேனையோ நான் சொல்வது இதற்காகவே.

இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் மோட்டார்ஹோமுக்குத்தான் என் ஓட்டு. ஆனால் எல்லைக்குச் சற்று முன்னால் உள்ள யூக்லா வந்ததும் கணக்கு மாறியது.

யூக்லாவில் 1877-இல் திறந்த பழைய தந்தி நிலையம் இன்று மணல்மேடுகளுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது. ஊரிலிருந்து மண் பாதையில் சில கி.மீ. இறங்கிப் போகவேண்டும். காரவனோடு போனபோது அதை மேலே காரவன் பார்க்கில் விட்டுவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வந்தோம். பையன் அந்தச் சுண்ணாம்புக்கல் சுவர்களுக்கு நடுவே மணலில் சறுக்கி விளையாடினான். மோட்டார்ஹோமில் போனபோது அங்கே இறங்கவே முடியவில்லை. வாடகை ஒப்பந்தம் மண் பாதையில் ஓட்டக்கூடாது என்றது. வண்டியின் நீளமும் உயரமும் அதற்குத் தோதும் இல்லை. மேலிருந்து தூரத்தில் தெரிந்த மணல்மேட்டைக் காட்டி, "அதோ அங்கதான் போன தடவை விளையாடினே" என்று அவனிடம் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டை விட்டுவிட்டு ஊர் சுற்ற ஒரு கார் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. பால் வாங்கக்கூட மோட்டார்ஹோமில் முழு வீட்டையும் கட்டி எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றி இன்னொன்று. நல்ல இலவசத் தங்குமிடங்கள் பல, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி, சரளைப் பாதையின் முடிவில்தான் இருக்கின்றன. அங்கெல்லாம் வாடகை வண்டி போகலாமா, எத்தனை தூரம் வரை, இருட்டிய பிறகு ஓட்டலாமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தங்குமிடங்களைக் காட்டும் விக்கிகேம்ப்ஸ் செயலியில் பார்த்துக் குறித்து வைத்த இடங்களில் பாதியை நாங்கள் அதனால் விட வேண்டியிருந்தது.

அடுத்து எடை. காரவன் வாங்குகிறவர்கள் கண்ணில் படுவது சமையலறையும் கட்டிலும். நான் முதலில் பார்க்கச் சொல்வது தகட்டில் பொறித்திருக்கும் இரண்டு எண்களை: வெற்று எடையும், ஏ.டி.எம். எனப்படும் அதிகபட்ச மொத்த எடையும். எங்களுடையது 2,050 கிலோ, 2,500 கிலோ. ஆக நாம் ஏற்றக்கூடியது 450 கிலோ. அதில் 190 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் 190 கிலோ போயிற்று. இரண்டு கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய 35 கிலோ. மீதி 225 கிலோவில்தான் நான்கு பேரின் துணிமணி, சாப்பாட்டுச் சாமான், பாத்திரம், நாற்காலி, கூடுதல் பேட்டரி எல்லாம். அது போக, மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு டோ-பால் எனப்படும் இணைப்புக் குமிழ் வழியாகக் காரின் மீது இறங்கும், அது காரின் சுமைக் கணக்கில் சேரும். பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிகள் 3,500 கிலோ வரை இழுக்கும் என்று விளம்பரத்தில் சொல்வது உண்மைதான். ஆனால் காரிலும் ஆளும் சாமானும் நிறைந்திருக்கும்போது, கார், காரவன் இரண்டும் சேர்ந்த உச்ச எடை அதற்கு இடம் கொடுக்குமா என்பது வேறு விஷயம். கிளம்புவதற்கு முன் ஒரு பொது எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் உயிர் போகிற விஷயம். தண்ணீர் பற்றாது என்ற பயத்தில் இரண்டு 20 லிட்டர் கேன்களை நான் காரவனின் பின்புற பம்பரில் கட்டியிருந்தேன். முண்ட்ரபில்லா அருகே எதிரே பல டிரெய்லர்களை இழுத்து வரும் 36.5 மீட்டர் நீள லாரி, ரோடு டிரெயின் ஒன்று கடந்துபோன காற்றில் காரவனின் வால் ஆடத் தொடங்கியது. இடம், வலம், இடம் என்று ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தது. ஸ்டியரிங்கை ஒடிக்கக்கூடாது, காரின் பிரேக்கை மிதிக்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் இருந்த, காரவனின் பிரேக்கை மட்டும் இயக்கும் பிரேக் கன்ட்ரோலரைக் கையால் மெல்ல அழுத்தினேன். காரவனின் சக்கரங்கள் மட்டும் பிடித்தன, கயிற்றை இழுத்த மாதிரி வண்டி நேரானது. நான்கைந்து விநாடிதான் இருக்கும். ஓரம் கட்டியதும் முதல் வேலையாக அந்தக் கேன்களை அவிழ்த்துக் காருக்குள் வைத்தேன். மோட்டார்ஹோமில் பக்கவாட்டுக் காற்று தள்ளும், இரண்டு கையாலும் பிடித்து ஓட்டவேண்டும், ஆனால் இந்த ஆட்டம் கிடையாது. வண்டி இழுத்துப் பழக்கம் இல்லாதவர் முதல் பயணமாகவே இந்தச் சாலைக்குக் காரவனோடு வரவேண்டாம். மோட்டார்ஹோமுக்கு அப்படித் தனிப் பழக்கம் தேவையில்லை. மொத்த எடை 4.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரண கார் உரிமமே போதும்.

வண்டிக்கு வண்டி பேச உதவும் யு.எச்.எஃப். ரேடியோ எதை எடுத்தாலும் வேண்டும். லாரிக்காரர்கள் சேனல் 40, காரவன்காரர்கள் சேனல் 18. பின்னால் வரும் ரோடு டிரெயினிடம் "முந்துங்கள், நான் வேகத்தைக் குறைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் இருவருக்கும் நிம்மதி.

தண்ணீர்தான் இலவசத் தங்கலின் உண்மையான எல்லை. மின்சாரம் இன்று பெரிய கவலையில்லை. 200 வாட் சோலார் தகடும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் இருந்தால் கம்ப்ரசர் வகை ஃபிரிட்ஜும் விளக்கும் போனும் ஓடிவிடும். தண்ணீருக்கு அப்படி எதுவும் இல்லை. நார்ஸ்மனை விட்டால் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனா பக்கம் வரும்வரை, ரோடுஹவுஸ் எனப்படும் வழிப் பங்க்குகளில் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகக்கூடாது. அவர்களுக்கே அது அரிய பொருள். நாங்கள் நான்கு பேர் சிக்கனமாக இருந்தும் குடிக்க, சமைக்க, கழுவ, ஆளுக்கு ஐந்தாறு லிட்டரில் ஒரு குளியல் என்று நாளுக்கு 50 லிட்டர் ஆனது. காரவனின் 190 லிட்டர் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. மோட்டார்ஹோமில் இருந்ததோ 100 லிட்டர், இரண்டே நாள். இரண்டாவது பயணத்தில் அம்மா அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே விடவே இல்லை. ஒரு பேசினில் பிடித்து வைத்து, தட்டுகளின் முதல் கழுவலை அதில் முடித்து, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்தார். அதிலேயே தினம் நான்கைந்து லிட்டர் மிச்சமானது.

கழிப்பறைக் கழிவு சேரும் பெட்டியான கேசட் இரண்டு வண்டியிலும் 20 லிட்டருக்குள்தான், நான்கு பேருக்கு இரண்டு, மூன்று நாளில் நிறையும். அதைக் கொட்ட அனுமதித்த இடமான டம்ப் பாயிண்ட் எங்கே என்று முன்னாலேயே வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். புதருக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போகிறவர்களால்தான் ஒவ்வோர் இலவச இடமாகக் கம்பி வேலி ஏறுகிறது. இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

எரிபொருள்: இழுக்கும்போது எங்கள் கார் 100 கி.மீ.க்கு சராசரி 18 லிட்டர் டீசல் குடித்தது, மோட்டார்ஹோம் 13. ஒரு வழிக்கு 135 லிட்டர் வித்தியாசம், அதில் பெரும்பகுதி விலை கூடிய ரோடுஹவுஸ்களில் போடுவது. பங்க்குகளுக்கு இடையே அதிக தூரம் 200 கி.மீ.க்குள்தான், ஆனால் எதிர்க்காற்று அடிக்கும் நாளில் முள் கண்ணெதிரே இறங்கும்.

பழுது என்று வந்தால் காரவனுக்குச் சாதகம். கார் பட்டறைக்குப் போனாலும் வீடு நம்மிடம் இருக்கும். மோட்டார்ஹோம் பட்டறைக்குப் போனால் படுக்கையும் சேர்ந்து போய்விடும். அதே சமயம் காரவனுக்குத் தனியாக டயர், தனியாக பேரிங். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிச் சக்கர நடுவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் பேரிங் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று, பயிர்ப் பூச்சியும் நோயும் பரவாமல் தடுக்கும் சோதனைச் சாவடி. கிழக்கே போகையில் செடூனாவிலும் மேற்கே திரும்புகையில் பார்டர் வில்லேஜிலும் பழங்களையும் பல காய்கறிகளையும் வாங்கிப் போட்டுவிடுவார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் தேனும் கூடாது. அந்த இடம் வருவதற்குள் தீர்கிற மாதிரி வாங்குங்கள்.

இரண்டு வார விடுப்பில் ஒரு வழியாகக் கடந்து, தினம் ஒரு ஓய்விடம் என்று போகிறவர் மோட்டார்ஹோம் எடுக்கட்டும். இரண்டு இரவு இலவசம், மூன்றாவது இரவு பணம் கட்டி காரவன் பார்க் என்று வைத்துக்கொண்டால் தண்ணீர், துணி துவைப்பு, கேசட் மூன்றும் ஒரே இடத்தில் முடியும். ஒரு மாதத்துக்கு மேல் நேரம் இருந்து, கடற்கரை ஊர்களில் மூன்று, நான்கு நாள் உட்கார நினைப்பவருக்குக் காரவன்தான். நல்லர்பாரின் நடுப்பகுதியில் நான்கைந்து இரவு கொஞ்சம் சிரமப்படுவார், அவ்வளவே.

எங்களுக்கு அடுத்த தடவை ஆறு வாரம் கிடைத்திருக்கிறது. காரவனையே இழுத்துப் போகிறோம், கேன்கள் காருக்குள். யூக்லாவில் இரண்டு இரவு என்று பையன் இப்போதே நாட்காட்டியில் எழுதி வைத்துவிட்டான்.