14,399 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த நியூசிலாந்து அனுபவம்

வேலை போனவர்களும், எப்போது போகுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் ரெஸ்யூமேயை எங்கே வேண்டுமானாலும் ஏற்றுங்கள்.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறேன். விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தனியார் தொழிற்சாலையில் 2007 ஆகஸ்டில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். 2025 ஜனவரியில் வெளியே வந்தேன். உறைபனிக் காலத்தில் கொழுந்து கருகி இலை வரத்து குறைவது வருடா வருடம் நடப்பதுதான். இந்த முறை முதலாளி இரண்டாவது ஷிப்டை நிறுத்தியதோடு விடாமல் ஆபீஸிலும் மூன்று பேரைக் குறைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; சரியாகக் கொடுத்தார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 19,500. அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 11,250. 17 வருடத்துக்கு 1,91,250. இந்தக் கணக்கை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. ஆட்குறைப்பில் வந்தவன் கையில் கொஞ்சம் பணம் இருக்கும், மனசில் தைரியம் இருக்காது. இது நம்மைவிட ஏமாற்றுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

என்னிடம் இருந்த ரெஸ்யூமே 2007இல் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் அடித்தது. தலைப்பே ‘பயோடேட்டா’ தான். அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், வீட்டு முகவரி, டைப்ரைட்டிங் ஹையர், கணக்கு மென்பொருள் டாலி 7.2, பொழுதுபோக்கு கேரம். அந்த வருடம் ஜனவரியில்தான் தமிழ்நாட்டில் வாட் வரி வந்திருந்தது, அதனால் ‘வாட் தெரியும்’ என்று பெருமையாக ஒரு வரி. வாட் போய் 2017இல் ஜிஎஸ்டி வந்து அதுவும் பழசாகிவிட்டது, என் பயோடேட்டாவுக்கு அது தெரியாது. கடைசியில் ‘மேற்கூறியவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்’, இடம், தேதி, கையெழுத்து. இதை அப்படியே ஸ்கேன் செய்து ஒரு பெரிய வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றி, ‘உடனே சேரத் தயார்’ என்ற கட்டத்திலும் டிக் அடித்தேன்.

மறுநாள் காலையிலேயே போன். கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒரு பெண். வார்த்தைக்கு வார்த்தை சார்.

“சார், உங்க ரெஸ்யூமேவோட ஏடிஎஸ் ஸ்கோர் 23தான் வருது. 70க்குக் கீழ இருந்தா கம்பெனிக்காரங்க கண்ணுக்கே போகாது சார்.”

ஏடிஎஸ் என்பது நிஜமாகவே உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு விண்ணப்பங்கள் மலைபோல வந்து குவியும். அவற்றைப் படித்துப் பெயர், அனுபவம், தெரிந்த வேலை என்று பிரித்துவைக்கிற மென்பொருள் அது. ஸ்கேன் செய்த படம், கட்டம் கட்டமான அட்டவணை எல்லாம் அதற்குச் சரியாகப் புரியாமல் போகலாம், அதுவும் உண்மை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து சொல்கிற மார்க்குக்கும் எந்தக் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாதி உண்மையோடு வருகிறவனைத்தான் நம்பிவிடுகிறோம்.

ரெஸ்யூமே எழுதித் தர 1,499, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,769 ரூபாய் என்றார். சரி என்றேன். விவரம் எடுக்கிறேன் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், “கரண்ட் சிடிசி எவ்வளவு சார்?” என்றார்.

தேயிலைக்காரனிடம் சிடிசி என்றால் என்ன தெரியுமா? இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற மிஷின், அதில் வருகிற தூள். இந்தப் பக்கம் தயாராவதில் பெரும்பகுதி சிடிசி தூள்தான். கம்பெனி ஒரு ஆளுக்குச் செலவழிக்கிற மொத்தச் சம்பளத்துக்கும் அதே மூன்றெழுத்து என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

“சிடிசி மாசம் எண்பதாயிரம் வரும் மேடம்” என்றேன். கிலோவைச் சொன்னேன். கிலோ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

“சூப்பர் சார்” என்றார்.

பணம் அனுப்பும்போது யூபிஐ திரையில் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். “எங்க அக்கவுண்ட்ஸ் மேனேஜர் சார்” என்று பதில். என் மனைவி பக்கத்தில் நின்று, “வேலை குடுக்கறவங்க எதுக்குங்க நம்மகிட்ட காசு கேக்கறாங்க?” என்றாள். உனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்கு இன்றைக்கும் வீட்டில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு நாள் கழித்து ரெஸ்யூமே வந்தது. நீல நிறப் பட்டை, ஓரத்தில் நட்சத்திரங்கள், வாயில் நுழையாத ஆங்கிலம். முதல் நாலு வரி படித்தேன். நான் இவ்வளவு பெரிய ஆளா என்று எனக்கே பெருமையாக இருந்தது. மிச்சத்தைப் படிக்கவில்லை. 17 வருடம் அடுத்தவன் பில்லை வரி வரியாகச் சரிபார்த்தவன் நான். அதை அப்படியே 31 இடங்களுக்கு மெயில் தட்டிவிட்டேன்.

அடுத்தடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் நடக்கிற கதைதான். மூன்று இன்டர்வியூ நிச்சயம் என்று ‘பிரீமியம்’ கட்டணம் 4,130. கோவையில் ஒரு உணவுப்பொருள் கிடங்கில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வேலை, மாதம் 38,000 என்று போனிலேயே ஒரு இன்டர்வியூ. ஏழு நிமிடம். டாலியைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது, இதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. சாயங்காலமே ஆஃபர் லெட்டர். சரிபார்ப்புக்கும் லேப்டாப்புக்கும் திருப்பித் தரக்கூடிய டெபாசிட் 8,500, கூடவே ஆதார், பான், கேன்சல் செக். அதையும் அனுப்பினேன். நாலாவது தடவை பயிற்சிக் கட்டணம் 12,000 என்றபோதுதான் கை நின்றது. மொத்தம் 14,399. லெட்டரில் போட்டிருந்த காந்திபுரம் முகவரிக்கு விடிகாலை பஸ் பிடித்து 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனேன். அங்கே இருந்தது ஒரு தையல் கடை. எனக்கு முன்னால் அந்த மாதத்தில் மூன்று பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

பணம் போனதை ஒரு மாதிரி ஜீரணித்துவிட்டேன். அதற்குப் பிறகு தெரியவந்ததுதான் வலித்தது.

நான் மெயில் அனுப்பிய 31 இடங்களில் ஒரு இடத்திலிருந்துகூடப் பதில் இல்லை. அதில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையும் உண்டு. அங்கே மேனேஜர் எனக்குத் தேயிலை ஏல விஷயமாகப் பல வருடப் பழக்கம். தெரிந்தவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நேரில் போனேன். என்னைப் பார்த்ததும் சிரித்தார். மேஜை டிராயரிலிருந்து என் ரெஸ்யூமேயின் பிரிண்டை எடுத்து முன்னால் வைத்தார்.

“ஏப்பா, நீ எப்ப நியூசிலாந்து போன?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. விரல் வைத்துக் காட்டினார். வேலை பார்த்த இடம்: வெலிங்டன், நியூசிலாந்து. எழுதினவனுக்கு வெலிங்டன் என்றால் அந்த ஊர்தான் தெரியும்போல. மெட்ராஸ் ரெஜிமெண்டும் ஸ்டாஃப் காலேஜும் இருக்கிற நம் வெலிங்டனுக்கு எந்தக் கம்ப்யூட்டரில் இடம்?

“அத விடு. இது என்ன?”

தற்போதைய சிடிசி: மாதம் 80,000.

“உங்க முதலாளியே மாசம் இவ்வளவு எடுத்திருக்க மாட்டாரேப்பா. இருவத்தஞ்சு முப்பதுக்கு ஆள் தேடுறவன் இதப் பார்த்துட்டு உன்னக் கூப்பிடுவானா? நானே தப்பா நெனச்சேன், கொழுப்பெடுத்துப் போச்சுன்னு. போன வாரம்தான் வேற ஆளப் போட்டேன்.”

கீழே எஸ்ஏபி தெரியும் என்றும் ஒரு வரி இருந்தது. பெரிய கம்பெனிகள் கணக்குக்கு வைத்திருக்கிற மென்பொருள் அது. அதை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. அவர் கேட்கவில்லை; கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அந்த வேலை வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம், நான் 17 வருடம் செய்த அதே வேலை. என் கணக்கில் நஷ்டம் 14,399 இல்லை, அதுதான்.

வீட்டுக்கு வந்து, ரெஸ்யூமேக்கு அவர்கள் அனுப்பியிருந்த பில்லை எடுத்துப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அதற்கடுத்த பத்தும் பான் எண். பானில் நாலாவது எழுத்து தனி ஆள் என்றால் பி, கம்பெனி என்றால் சி. அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது எழுத்தைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும். பில்லின் தலையில் பிரைவேட் லிமிடெட் என்று இருந்தது, ஆறாவது எழுத்து பி. ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன், யாருக்கும் இலவசம், லாகின்கூட வேண்டாம். ஏதோ ஒரு ஊர் ஹார்ட்வேர் கடையின் எண். அந்தக் கடைக்காரருக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்காது, பாவம்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அடித்துப் புகார் கொடுத்தேன், கடைசிப் பணம் போய் 11 நாள் கழித்து. ஊட்டியில் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். அன்றைக்கே அடித்திருந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க வழி பார்த்திருக்கலாம் என்றார். ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் இருக்கிற 12 இலக்க எண்ணைக் கேட்டார், அது இருந்தது. வாட்ஸ்அப் உரையாடலைக் கேட்டார். வெட்கத்தில், மகள் பார்த்துவிடப் போகிறாள் என்று பாதியை அழித்திருந்தேன். தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். யூபிஐ பின் நம்பரை நீங்களே போட்டீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். ஆதார் போனதால் எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டினேன், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாதி தளத்தில் என் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்த்தேன். என்னுடைய இரண்டுதான் இருந்தது.

அப்புறம் பழைய பயோடேட்டாவை மகளும் நானும் உட்கார்ந்து இரண்டு ராத்திரியில் திருத்தினோம். பி.காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரியை முதலில் அடித்தாள். வங்கியில் அடையாளம் கேட்டால் சொல்கிற பதிலையெல்லாம் நீங்களே ஊருக்கு ஒட்டிவைத்திருக்கிறீர்கள் என்று திட்டு. கேரமும் போயிற்று. “தினமும் என்னதான் செஞ்சீங்க, அதச் சொல்லுங்க” என்றாள். மாதாமாதம் 640 விவசாயிகளுக்கு இலைக் கணக்கு, அதிலிருந்து முன்பணம் கழித்துப் பட்டுவாடா. ஏலத்துக்குப் போகிற சரக்குக்கு இன்வாய்ஸ், இ-வே பில். ஜிஎஸ்டி ரிட்டர்ன். மாதாந்திர பிஎஃப் கணக்கு. டாலி 7.2இலிருந்து டாலி பிரைம் வரைக்கும் எல்லா மாற்றத்தையும் நானே செய்தது. இதையெல்லாம் நான் வேலை என்றே நினைத்ததில்லை. எழுதினால் ஒரு பக்கம் வந்தது. ‘ஆட்குறைப்பில் விலகல், ஜனவரி 2025’ என்று மறைக்காமல் போட்டோம். ஊர் பெயருக்குப் பக்கத்தில் நீலகிரி என்று தடித்த எழுத்தில் அடித்தாள், குசும்பு. வேலை தேட மட்டும் தனியாக ஒரு சிம், ஒரு மெயில்.

வேலைக்கு இப்போது தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையதளத்தில் பதிந்திருக்கிறேன், ஊட்டியில் வேலைவாய்ப்பு மையம் நடத்துகிற முகாமுக்கும் போனேன். இரண்டுக்கும் ஒரு பைசா கிடையாது. முழு வேலை இன்னும் அமையவில்லை. இரண்டு ஹோம்ஸ்டேக்கும் ஒரு வர்க்கி பேக்கரிக்கும் கணக்கு எழுதுகிறேன், மாதம் 11,000 வருகிறது.

போன வாரம், தொழிற்சாலையில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்து என்னோடு வெளியே வந்த டீ மேக்கர் போன் செய்தார். யாரோ ஒரு பெண் பேசினாராம், ரெஸ்யூமே ஸ்கோர் சரியில்லை, 1,769 கட்டச் சொல்கிறார்களாம், கட்டட்டுமா என்றார். ஸ்கோர் எவ்வளவு என்றேன். 23. அவர் படித்தது பத்தாவது, அவருடைய பேப்பரும் என்னுடையதும் ஒரு வரிகூட ஒத்துப்போகாது. கட்டாதே என்று சொல்லிவிட்டு, சிடிசி கேட்டார்களா என்றேன்.

“கேட்டாங்கண்ணே. ரெண்டு லைன் ஓட்டுவேன்னு சொன்னேன்.”